கழுதையின் இடது காது

பதின்மூன்றாவது முறையாக அந்தக் கழுதை திரும்பி வந்துவிட்டது.

உயிருள்ள கழுதையாக இருந்தால் இரண்டாவது முறையே எடிட்டரை ஒரு உதை விட்டுவிட்டு எங்காவது போய்ப் பிழைத்திருக்கும். இது லேப்டாப்பில் வரைந்த கழுதை. போகச் சொன்னால் போகும், வரச் சொன்னால் வரும். கூடவே எடிட்டரின் குரலும் வந்தது.

"மேடம், படம் அருமை. கலர் அருமை. ஆனா, எப்படிச் சொல்றது… ஏதோ ஒண்ணு குறையுது மேடம்."

என்ன குறைகிறது என்று பன்னிரண்டு முறை கேட்டாகிவிட்டது. பன்னிரண்டு முறையும், "அது சொல்லத் தெரியலையே மேடம், பார்த்தா தெரியும்" என்பதுதான் பதில். தெருவில் 'படக்காரம்மா' என்று பேர் வாங்கியவள், செல்போனை மேஜையில் குப்புறப் படுக்க வைத்தாள். அதன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை.

எந்த ஆபீசிலும் சேராமல், மாடியறையில் உட்கார்ந்தே படம் வரைந்து பிழைப்பவள் அவள். பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலில் விழுந்திருக்கும் காய்ப்பைப் பார்த்த எதிர்வீட்டுப் பூட்டுக்காரர், "இதுல சாவி தீட்டலாம் போலிருக்கே" என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். லேப்டாப்புக்குப் பதினோரு வயது. அதைத் திறந்ததும் உள்ளே விசிறி போடும் இரைச்சலில், ஜன்னல் விளிம்புப் புறாக்கள் விமானம் இறங்குகிறது என்று இடத்தைக் காலி செய்துவிடும். மழைக்காலத்தில் அதன் முதுகில் கணவரின் காலுறைகளைக் காயப்போடுவாள். அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும்.

இதுவரை ஏழு குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போட்டிருக்கிறாள். ஏழிலும் அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்கும் 'அனுமதியின்றிப் பிரதி எடுக்கக் கூடாது' என்ற மிரட்டலுக்கும் நடுவே, எறும்பு வாசித்தால்தான் உண்டு என்கிற எழுத்தில் இருந்தது. பெற்ற தாயே பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டு, "நிஜமாவே நீதான் வரைஞ்சியாடி?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் மீன்முள்ளாக நிற்கிறது.

எட்டாவது புத்தகத்துக்குத்தான் எடிட்டர் வாக்குக் கொடுத்திருந்தார். "முன்அட்டையிலேயே உங்க பேர் மேடம். எழுத்தாளர் பேருக்குக் கீழே, அதே சைஸ்ல. ஆனா புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபத்துநாலு பக்கமும் முடிஞ்சு வந்துடணும். இல்லேன்னா மிச்சத்தை எங்க ஆபீஸ் ஆர்ட்டிஸ்ட் முடிச்சுடுவாரு. அப்புறம் அட்டையில ஒருத்தர் பேரை மட்டும் எப்படிப் போடறது?"

அட்டைப்படம் முதல் மாதமே எடிட்டரிடம் போய்விட்டது. இருபத்துமூன்று பக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறிவிட்டன. கடைசிப் பக்கம் மட்டும் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. இன்று அந்தப் புதன்கிழமை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கதை சின்னக் கதைதான். ஒரு கழுதையின் இடது காதில் பாதியை ஆடு மென்றுவிடுகிறது. அதன்பிறகு அந்தக் காது கேட்பதில்லை. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் கழுதை தன் வலப்பக்கமே திரும்புகிறது. திரும்பித் திரும்பி, ஊரெல்லாம் சுற்றி, கடைசிப் பக்கத்தில் வீடு வந்து சேர்கிறது. அந்த வீடு சேரும் படத்தில்தான் ஏதோ குறைகிறதாம். அவள் சூரியனை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு விளக்கை வைத்தாள். வாசலில் ஒரு பூனையை உட்கார வைத்தாள். பூனை நன்றாக இருக்கிறது, ஆனாலும் குறைகிறது என்றார் எடிட்டர். கோபத்தில் கழுதையைச் சிரிக்க வைத்தாள்.

மதியம் சாப்பிட வந்த கணவர் அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டார். அவர் வேலை செய்வது பல்செட் செய்கிற கூடத்தில். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார்.

"என்னம்மா இது, மேல் வரிசையில ஆறு பல்லுதான் இருக்கு?"

"கழுதைங்க அது. மனுஷன் இல்ல."

"அதான் சொல்றேன். கழுதைக்கு வாயெல்லாம் பல்லு. இது சிரிக்கிறதைப் பார்த்தா எங்க கூடத்துல அளவு குடுத்துட்டுப் போன ஆளு மாதிரி இருக்கு."

"நீங்க சாப்பிட வந்தீங்களா, பல்லு எண்ண வந்தீங்களா?"

"சரி சரி, வாயை மூடிக்கறேன்."

"கழுதை வாயையும் மூடிடறேன். தொல்லை விட்டுது."

மூடிவிட்டாள். பதினான்காவது முறையாக உட்கார்ந்தாள். இத்தனை திருத்தத்தில் அந்தப் படத்துக்குள் அறுபத்தெட்டு லேயர் சேர்ந்திருந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, காதுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, பூனைக்கு மூன்று. லேப்டாப் அந்தச் சுமை தாங்காமல் முக்கியது. ஒரு கோடு போட்டால், அது திரையில் வருவதற்குள் முகம் கழுவிவிட்டு வரலாம். வேறு வழியில்லாமல் எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிவிட்டாள். இனி எதையும் தனியாகப் பிரிக்க முடியாது. முடியாவிட்டால் போகட்டும்.

படம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் கண் பழகிப்போய்த் தப்பு தெரியாது. அதனால் ஒரு பட்டனைத் தட்டிப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கோணல், மாணல் எல்லாம் சட்டென்று கண்ணைக் குத்தும். பார்த்துவிட்டு மறுபடி தட்டிப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். அவளும் தட்டினாள். பின்னங்கால் ஒன்று குட்டையாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்துவிட்டாள். கீழே தையல்கடை வைத்திருப்பவள். வண்ணத்தில் சந்தேகம் வந்தால் மாடிக்குத்தான் ஓடி வருவாள்.

"அண்ணி, இந்த நூலு பச்சையா நீலமா?"

"பச்சை."

"கஸ்டமர் நீலம்னு அடிச்சுச் சொல்றாங்க."

"அப்போ நீலம்னே வெச்சுக்கோ."

"கோச்சுக்காதீங்க அண்ணி. வெளிச்சத்துல வெச்சு ஒரு தடவை பாருங்களேன்."

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, துணியோடு சேர்த்துப் பார்த்து, பச்சைதான் என்று நிரூபித்து அவளை அனுப்பியபோது மூன்று மணி. பதறிப்போய்க் குட்டைக் காலை நீட்டினாள், பத்திரப்படுத்தினாள், அனுப்பினாள்.

மூன்றரைக்கு எடிட்டரே கூப்பிட்டார். குரல் குதித்தது. "மேடம்! இதுதான் மேடம்! கிடைச்சுடுச்சு! இதைத்தானே நான் மூணு வாரமா கேட்டுட்டிருந்தேன்!"

காலை நீட்டியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்துவிட்டுப் படத்தைத் திறந்து பார்த்தாள். படத்தைத் திருப்பியவள் பழையபடி ஆக்க மறந்திருந்தாள். கழுதையின் இடது காது முழுசாக நிமிர்ந்து நின்றது. வலது காதைத்தான் ஆடு மென்றிருந்தது.

திரும்பவும் பட்டனைத் தட்டினாள். காது சரியாகிவிட்டது. ஆனால் படம்? மறுபடி தட்டினாள், மறுபடி தட்டினாள். அப்போதுதான் அவளுக்கே பிடிபட்டது. முதல் பக்கத்திலிருந்து புத்தகத்தின் வலது ஓரத்தைப் பார்த்தே நடந்த கழுதை, வீடு சேரும் பக்கத்திலும் அதே ஓரத்தைப் பார்த்து நடந்தால் எப்படி? புத்தகத்தை விட்டு வெளியே போகிறது என்றுதான் கண் நினைக்கும். திருப்பிய படத்தில்தான் அது திரும்பி வந்தது. அந்த மனிதர் சொன்னது சரி. குறைந்துதான் இருந்திருக்கிறது. அவள் வயிறு எரிந்ததெல்லாம் போதாதென்று, இதை வேறு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கஸ்டமர் இன்னும் நீலம் என்றே அடம்பிடிக்கிறாள் என்று நூலோடு திரும்பி வந்த நாத்தனார், விஷயத்தைக் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாள். "ஒரு காதுதானே அண்ணி! அவரே கவனிக்கல. பேசாம விடுங்க, அட்டையில பேர் வந்துடும். யாரு பார்க்கப் போறா?"

"நாலு வயசு ஆளுங்க பார்ப்பாங்க. அவங்களுக்கு வேற வேலையே கிடையாது. கதை முழுக்க அந்தக் காதுலதான் நிக்குது. நீ வலது கையை இடது பக்கம் வெச்சுத் தைச்சுக் குடுப்பியா?"

"ஒரு தடவை குடுத்தேன். அந்த மனுஷன் இன்னும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் திரியறாரு."

"அதுல உன் பேரு எழுதியிருக்கா?"

"ஐயோ, எதுக்கு எழுதறேன்!"

"என் பேரு எழுதியிருக்குமே!"

நாத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மணி நாலு. திருப்பிய படத்தையே வைத்துக்கொண்டு, இரண்டு காதுகளையும் புதிதாக வரைய வேண்டும். தனித்தனி லேயராக இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் ஒட்டித் தொலைத்தாயிற்றே! காதை அழித்தால் பின்னால் இருக்கும் கதவும் சேர்ந்து அழிந்தது. கதவைப் பூசினால் விளக்கின் வெளிச்சம் போனது. வெளிச்சத்தைக் கொண்டுவந்தால் பூனையின் மீசை காணாமல் போனது. லேப்டாப் கொதித்தது. அடுப்பங்கரையிலிருந்து இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்து, இடது கையால் விசிறிக்கொண்டே வலது கையால் வரைந்தாள். நாலே முக்காலுக்குத் திரை அப்படியே உறைந்து நின்றது. அதை அவள் திட்டிய திட்டில் பூட்டுக்காரர் எதிர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பயந்தோ என்னவோ, லேப்டாப் கண் திறந்தது.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது படம் போனது. அனுப்பிவிட்டுத் தானே கூப்பிட்டாள்.

"சார், காது மாறிப் போயிருந்துச்சு. தப்பு என்னோடது. சரி பண்ணி அனுப்பியிருக்கேன், அதைப் போடுங்க."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் படத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு அந்த இழுப்பு வந்தது. "மேடம்… இப்போ… ஏதோ ஒண்ணு…"

"குறையுது சார். காதுல பாதி குறையுது. ஆடு தின்னுடுச்சு. கதையிலேயே இருக்கு, படிச்சுப் பாருங்க."

"இல்ல மேடம்… சரியாத்தான் இருக்கு. அச்சகத்துக்கு அனுப்பிடறேன்."

இரண்டு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பத்துப் பிரதிகள். கணவர் கத்தரிக்கோலைத் தேட, நாத்தனார் பல்லாலேயே கயிற்றைக் கடித்து அறுத்தாள். "பல்லு பத்திரம்" என்றார் அவர், வழக்கம் போல.

பெயர் இருந்தது. முன்அட்டையில், எழுத்தாளர் பெயருக்குக் கீழே, அதே அளவில். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்கூடப் படிக்கலாம். அம்மாவுக்கு இனி பூதக்கண்ணாடி வேண்டாம். கையில் வாங்கித் தடவிப் பார்த்தவளின் விரல், பெயரைத் தாண்டி மேலே போய் நின்றது.

அட்டையில் கழுதை நேருக்கு நேர் பார்த்து நின்றது. இடது காது கொழுகொழுவென்று முழுசாக இருந்தது. வலது காதுதான் பாதி. தலைப்பு எழுத்துக்கு இடம் போதவில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான், அவளைக் கேட்காமல், ஒரே ஒரு பட்டனைத் தட்டிப் படத்தைத் திருப்பியிருந்தான். திருப்பிய காதுக்கு நேர்கீழே அவள் பெயர் பளிச்சென்று இருந்தது.

கணவர் கழுதையின் வாயைப் பார்த்தார். நாத்தனார், "பேரு நல்லா பெரிசா இருக்கு அண்ணி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கீழே மிஷின் ஓடுகிறது என்று இறங்கிவிட்டாள். மிஷின் ஓடவில்லை.

படக்காரம்மா செல்போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடிட்டர் எடுத்துவிட்டார்.

"மேடம்! புக்கு வந்துடுச்சா? அட்டை எப்படி?"

"அருமை சார். கலர் அருமை. ஆனா, எப்படிச் சொல்றது… ஏதோ ஒண்ணு குறையுது சார்."

"ஐயையோ, என்ன மேடம் குறையுது?"

"அது சொல்லத் தெரியலையே சார். பார்த்தா தெரியும்" என்று சொல்லிப் போனை மேஜையில் குப்புறப் படுக்க வைத்தாள்.