வெண்டல் தள்ளி அறுத்த பலகை

வெண்டல் ஹாகன் யாரையும் அடித்ததில்லை, யார் பொருளையும் எடுத்ததில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போவான். ஆனால் டோனி அவிலாவின் வீட்டு வாசலில் வெளியூர் வண்டி ஒன்று நின்றுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. இருபது வருடம் அவனுடைய ரம்பக் கொட்டகைக்கு நான் மண்வாரி இயந்திரம் ஓட்டியவன். அவன் மனைவி நெல்டாவுக்கு அடுத்தபடி இதை அறிந்தவன் நான்தான்.

இருவரும் ஒரே ஆளிடம்தான் தொழில் படித்தார்கள். ஓரோவில் ஊரில் ஒரு கிழவர் துப்பாக்கிக் கட்டை செதுக்குவார். இரும்புக் குழலைத் தாங்கி, தோளில் பதிகிறதே, அந்த மரப்பகுதி. வெண்டல் செய்த கட்டையில் அளவு பிசகாது, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அவிலா செய்ததிலும் நுழையாது. ஆனால் அவிலா செய்ததைக் கையில் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க யோசிப்பார்கள். காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வெண்டலுக்கும் தெரியவில்லை. அவிலாவின் கட்டை ஒன்றை இரவல் வாங்கி வந்து ஒரு வாரம் அளந்து பார்த்தான். அவனுடையதைவிட எங்கும் அரை நூல்கூட வித்தியாசமில்லை. அதற்குப் பிறகு செதுக்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு மரம் அறுக்க வந்துவிட்டான்.

மரம் அறுப்பதில் அவனுக்கு இணை இல்லை. சட்டர் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் பழைய வால்நட் தோப்புகளைப் பிடுங்கும்போதெல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தாத்தாக்கள் காலத்தில் வேருக்குக் கருவால்நட்டை நட்டு, அதன்மேல் வெள்ளை வால்நட்டை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். கீழே புகையிலை நிறம், மேலே தேன் நிறம். ஒட்டு கூடிய இடத்தில் இரண்டும் நெருப்பும் புகையும் மாதிரி கலந்திருக்கும். அந்த இடம் துப்பாக்கியின் பின்பகுதியில் விழுந்தால் பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதற்காக நாங்கள் மரத்தை வெட்டுவதில்லை. சுற்றிலும் தோண்டி வேரோடு சாய்த்து, கல் மண் போகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகுதான் ரம்பத்தில் ஏற்றுவோம்.

அந்த மரங்களில் பாதி அவிலாவிடம் போனது. பத்திரிகையில் படம் வந்தால் அவிலாவின் பெயர் வந்தது. கிரிட்லியில் நாங்கள் காலையில் அப்பம் தின்னும் கடைச் சுவரில் அப்படி ஒரு படத்தை மாட்டியிருந்தார்கள். வெண்டல் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். அறியாத ஆள் யாராவது படத்தைப் பார்த்து நின்றால் மட்டும் திரும்பி, "அது நான் அறுத்த மரம்," என்பான். ஒருமுறை அவிலாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுபோனது. வெண்டல் அதையும் எண்ணினான். தனக்குக் குடல்வால் வெடித்தபோது ஒரே ஒரு ஆப்பிள் பணியாரம்தான் வந்தது என்று என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

"அதுவும் கருகிப்போனது," என்றாள் நெல்டா. "அத நாந்தான் செஞ்சேன்."

எண்பத்தாறாம் வருடம் எங்கள் பக்கத்துப் பஞ்சாபி விவசாயி கர்னைல் சிங் தன் பழைய தோப்பைப் பிடுங்கினார். அதில் வீட்டோரம் நின்ற ஒரு மரத்தின்மேல் வெண்டலுக்குப் பத்து வருடக் கண். போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி அதன் பட்டையைத் தடவிவிட்டு வருவான். ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. தன்னைத் தவிர யாருக்குக் கொடுப்பார்கள் என்ற நினைப்பு. கர்னைல் சிங் அதை அவிலாவுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய மாமாவின் பழைய துப்பாக்கியை அவிலா ஒருமுறை சரிசெய்து கொடுத்திருந்தானாம்.

"நீங்க கேக்கவே இல்லையே, ஹாகன்?" என்றார் அவர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

அறுப்பதற்கு அவிலா அதை எங்கள் கொட்டகைக்கே கொண்டுவந்தான். இரண்டாவது பலகை பிரிந்து விழுந்ததும் மூவரும் ரம்பத்தை நிறுத்திவிட்டோம். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மரத்தை நான் பார்க்கவில்லை. அவிலா தொப்பியைக் கழற்றிவிட்டான். ரீனோவில் ஒரு மருத்துவர் ஒரே கட்டையில் வேட்டைத் துப்பாக்கி கேட்டிருக்கிறார், இது அவருக்கு என்றான். பலகையின் இரு தலைப்பிலும் எங்கே வெட்டவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டான். வேர்ப்பக்கம்தான் துப்பாக்கியின் பின்பகுதி, ஒட்டுக் கூடிய இடம் அதில் வரவேண்டும். கை பிடிக்கும் கழுத்துப் பகுதி முழுக்க ஒரே மரமாக, நேர் ரேகையாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சுடும்போது வரும் உதையில் கழுத்து முறிந்துவிடும். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லவேண்டிய விஷயமில்லை. அன்று அவனுடைய போர்த்துக்கீசிய மக்களின் திருவிழா. மாட்டிறைச்சி ரசமும் ரொட்டியும் ஊருக்கே பரிமாறவேண்டிய முறை அவனுடையது. நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.

வெண்டல் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டைவிரலை நாக்கில் நனைத்து இரண்டு கோடுகளையும் அழித்தான். இரண்டையும் வேர்ப்பக்கமாக ஐந்து அங்குலம் தள்ளிப் போட்டான். அப்படி வெட்டினால் ஒட்டு சரியாகக் கழுத்தில் வந்து விழும்.

நான் அவனைப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? அந்தப் பக்கம் புடி," என்றான்.

நான் பிடித்தேன். ஆயுள் முழுக்க எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அன்றைக்கு ஏன் பிடித்தேன் என்று. அவன் எனக்கு வேலை கொடுப்பவன் என்பது பாதிக் காரணம்தான்.

மறுநாள் அவிலா வந்து பலகையைப் பார்த்தான். கட்டை வடிவில் வெட்டிய அச்சை அதன்மேல் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கோட்ட நானே தப்பாப் போட்டுட்டேன் போல இருக்கு," என்றான். வெண்டல் ரம்பத்தில் ஒட்டிய தூளைத் தட்டினான். காயும்போது வெடிக்காமலிருக்க அவிலாவே பலகையின் தலைப்புகளில் மெழுகு பூசி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

அந்த மாதமே அவன் யூபா நகரத்துக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டான். கண்ணாடி அவனுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் கண்ணில் கோளாறே இல்லை. ஆனால் அவன் அதை நம்பவில்லை. ஒரு கோட்டைப் போட்டுவிட்டு நாலு தடவை அளப்பான். வாரத்தில் முடிகிற வேலை மாதமானது. கை வழுக்காமலிருக்கப் பிடியில் கட்டம் செதுக்கும்போது கை நின்று நின்று போனது. எனக்குக் கண் போய்விட்டது, நீங்கள் வெண்டலிடம் போங்கள் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினான்.

அப்படித்தான் வெண்டல் வீட்டு வாசலில் வெளியூர் வண்டிகள் நின்றன. இத்தனை வருடம் அவன் ஏங்கியது அதற்குத்தான். விட்டுவிட்ட உளியை மறுபடி கையில் எடுத்தான். ஆனால் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் சொன்ன முதல் வார்த்தை, "அவிலா அனுப்பினார்." அந்த இரண்டு வார்த்தைகள் அவனை அறுத்தன. ஒருவர் கட்டையை வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, அவிலாவிடம் ஒருதரம் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். அன்று வெண்டல் உளியை வீசியதில் கொட்டகைத் தகரம் கிழிந்தது. அவிலா வேலை செய்தபோது வந்த பொறாமையைவிட, அவன் சும்மா உட்கார்ந்திருந்தபோது வந்தது பெரிதாக இருந்தது.

இதில் இன்னொரு கொடுமை. அந்தப் பச்சைப் பலகை காய நாலைந்து வருடம் ஆகும். அவிலா அதை மாதம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதிவைப்பான். பிறகு அப்பக் கடையில் எங்களோடு உட்கார்ந்து, இந்த மாதம் இவ்வளவு குறைந்தது என்று வெண்டலிடம்தான் சொல்வான். மரத்தைப் பற்றிப் பேச அவனுக்கு வேறு யாரும் இல்லை. வெண்டல் காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்பான். அவன் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை, வெறும் கரண்டியைச் சுற்றுவான்.

தொண்ணூறாம் வருடம் பலகை காய்ந்தது. அவிலா அதை வீட்டில் வைத்து இரண்டு மாதம் பார்த்தபடியே இருந்தானாம். ஒரே கட்டைத் துப்பாக்கிக்கு அது ஆகாது. ஆனால் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் இரும்பு. மரம் குறைவாகப் போதும். வேர்ப்பக்கம் ஐந்து அங்குலத்தை வெட்டி எறிந்தால் எல்லாம் முன்னால் நகரும், ஒட்டு மறுபடி பின்பகுதிக்குப் போய்விடும். இது தோன்றியதும் அவிலா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆறு வாரத்தில் முடித்தான்.

ரீனோ துப்பாக்கிக் கண்காட்சியில் அதை மேசைமேல் வைத்தபோது கூட்டம் விலகவில்லை. அவிலா எங்கள் இருவரையும் கூட அழைத்துப் போயிருந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வெண்டலின் தோளைப் பிடித்து, "மரத்த அறுத்தது இவன். கோடு போட்டதுல நான் தப்புப் பண்ணேன், அதுவே நல்லதாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலாவது ஆளிடமோ ஐந்தாவது ஆளிடமோ அப்படிச் சொன்னபோது, வெண்டல் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்தான்.

"நீ தப்புப் பண்ணல டோனி. கோட்ட அழிச்சவன் நான். வேணும்னுதான் தள்ளிப் போட்டேன்."

பார்க்க வந்த ஆள் மெல்ல நகர்ந்து போனார். அவிலா துப்பாக்கியைத் துடைக்கும் துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"எதுக்கு?"

"உனக்கு வருது. எனக்கு வரல. அவ்வளவுதான்."

"நாலு வருஷம்," என்றான் அவிலா. "நாலு வருஷம் என் கண்ணு போச்சுன்னு நெனச்சேன். மரத்த விடு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயும் அங்கதான இருந்த?"

இருந்தேன் என்றேன்.

வரும்போது நாங்கள் இருவரும் பேருந்தில் வந்தோம். சியரா மலை இறங்கும்போது வெண்டல், "அத இவ்வளவு நல்லா செஞ்சிருக்கக்கூடாது அவன்," என்றான். செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கட்டை அழகாக வந்ததை அவனால் பொறுக்க முடியவில்லை என்பதும் நிஜம். இரண்டும் அவனுக்குள் ஒன்றாகவே இருந்தன.

அவிலா மூன்று வருடம் மரத்தை வேறு ஊரில் ஒரு ஆளிடம் கொடுத்து அறுத்தான். அந்த ஆள் நல்ல மரம் நாலைக் கெடுத்தான். வெண்டலிடம் வண்டிகள் வருவது நின்றுபோனது. நெல்டா ஒருமுறை மட்டும், போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றாள். அவன் போனான். அவிலா கதவைத் திறக்கவில்லை. அதன்பிறகு அவன் போகவில்லை.

பிறகு ஒரு காலை அவிலாவின் வண்டி வேரோடு ஒரு மரத்தைச் சுமந்துகொண்டு எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தது. அவன் ஒரு மடக்கு நாற்காலியை இறக்கி, ரம்பத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"அறு," என்றான். "நான் எங்கயும் போகல."

வெண்டல் அறுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தான். அவிலா கடைசிப் பலகை வரைக்கும் கண் எடுக்கவில்லை. அடுத்த மரத்துக்கும் அதே நாற்காலி. பத்துப் பன்னிரண்டு மரத்துக்குப் பிறகு வெண்டல் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். பின்னர் பேச்சும் வந்தது. முதலில் மரத்தைப் பற்றி மட்டும், அப்புறம் மூட்டுவலி, மகள் கல்யாணம் என்று எல்லாவற்றையும் பற்றி. அவிலா வாசலில் வண்டி நின்றால் வெண்டலின் முகம் கடைசிவரை சுருங்கியது. அவிலாவுக்கே அது தெரியும். "இன்னிக்கி ரெண்டு வண்டி வந்துச்சுடா," என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

என்னோடு மட்டும் அவிலா அப்புறம் பேசவில்லை. பார்த்தால் தலையசைப்பான், அவ்வளவுதான். கோட்டை அழித்தவனை அவனால் மன்னிக்க முடிந்தது. பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக் கொடுத்தவனை முடியவில்லை. கொட்டகை முற்றத்தில் இயந்திரத்தில் உட்கார்ந்து மண் அள்ளும்போது, அவர்கள் இருவரும் நாற்காலிப் பக்கம் நின்று சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்போது என் வயிற்றில் எரியும். அது என்ன எரிச்சல் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து இருபது வருடம் பார்த்தவன்தானே.