மேகம் பூஜ்யம்

"தோழர் நியாஸ்மத், இரண்டாம் நிலை வானிலைக் கவனிப்பாளர். ஒழுக்கமானவர், கலகலப்பானவர், எல்லோரிடமும் எளிதில் பழகுபவர். ஊழியர்களின் கூட்டு வாழ்வில் முனைப்புடன் பங்கேற்பவர்."

மேலிடம் கொடுத்த நற்சான்று இது. சியாகூஹ் கணவாய் நிலையத்தில் ஊழியர்கள் என்று பார்த்தால் அவர் ஒருவர், காதறுத்த நாய் ஒன்று. இரண்டாவது கவனிப்பாளர் ஒருவர் காகிதத்தில் இருந்தார். மலையில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நாயோடும் நியாஸ்மத் அதிகம் பேசுவதில்லை. அதற்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பது அவர் எண்ணம்.

வானத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து, அதில் மேகம் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அவர் வேலை. எந்த வகை மேகம், எவ்வளவு உயரம், மண்ணுக்கு எவ்வளவு வெயில் வந்தது, அதில் மண் எவ்வளவைத் திருப்பி அனுப்பியது என்பதும் உண்டு. முற்றத்துத் தூணில் ஒரு கண்ணாடி உருண்டை. அது வெயிலைக் குவித்து, அடியில் செருகிய அட்டையில் நாள் முழுக்க ஒரு கோட்டைச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் குறுக்கே வந்தால் கோடு அறுந்துவிடும். கையெழுத்துப் போடுவது சூரியன். அட்டை மாற்றுவது மட்டும் நியாஸ்மத்.

சூரியனை அளக்கச் சம்பளம் வாங்கிய அந்த மனிதருக்குச் சூரியனைப் பிடிக்காது. காரணம் ரேடியோ.

கீழே மாவட்ட நிலையத்தில் அறிக்கை வாங்குகிறவள் சவ்சன் என்ற விதவை. வானம் வெறிச்சென்றிருந்தால், "மேகம் பூஜ்யம்" என்று இவர் சொல்லி, வெப்பத்தையும் காற்றையும் சேர்த்தால் வேலை முடிந்தது. "சரி உஸ்தா" என்று, வாத்தியாரை விளிப்பதுபோல் ஒரு வார்த்தை சொல்லி, அவள் ரேடியோவை மூடிவிடுவாள். மேகம் இருந்தாலோ ஒவ்வோர் அடுக்கையும் எண் எண்ணாகப் படிக்க வேண்டும், அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் ஓர் இருமல் கேட்கும், கிண்ணத்தில் டீ ஊற்றும் சத்தம் கேட்கும். ரேடியோவில் அரட்டை அடிக்கத் தடை. எண்களுக்குத் தடை இல்லை.

ஆகவே நியாஸ்மத் முதலில் ஒரு பங்கு கூட்டினார். பிறகு இறகு போன்ற கீற்று ஒன்றை மூன்று பங்காக்கினார். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. வானத்தைக் கொஞ்சம் தாராளமாக நடத்தினார், அவ்வளவே. இரண்டு கோடைக்குள் அவருடைய அறிக்கைகளிலிருந்து பூஜ்யம் மறைந்தது. புல்லுக்கே தண்ணீர் இல்லாத அந்தச் சீமையில் சியாகூஹ் மட்டும் எந்நேரமும் மூட்டமாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அறிக்கை முடிந்தபின் சவ்சன் ரேடியோவை மூடவில்லை.

"நாளைக்கு ஹெலிகாப்டர் வருது உஸ்தா. கருவிகளச் சரிபார்க்க என்னையும் அனுப்புறாங்க. வானம் பாதிக்கு மேல மூடியிருந்தா விமானி சோபிர் ஏற மாட்டாரு. அதனால நாளைக்கு ஒருநாள் உங்க மேகத்தச் சுருட்டி வையுங்க."

"சுருட்டி வைக்கிறதுன்னா?"

"மாசாமாசம் கழுதைல வர்ற அட்டையெல்லாம் எங்கிட்டதான வருது. ஆறு பங்கு மேகம்னு நீங்க சொன்ன அன்னிக்கும் கோடு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அறுபடாம எரிஞ்சிருக்கு."

நியாஸ்மத் மேசையில் கிடந்த அன்றைய அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்தார். பிறகு, "மேலிடத்துக்குச் சொல்லலையா?" என்றார்.

"எதுக்கு? நான் டீ குடிக்க எனக்கும் தொணை வேணாமா? பூசணிக்கா வச்சு சம்பூசா சுட்டுக் கொண்டுவர்றேன்."

அன்று அவர் தரையைப் பெருக்கினார், முகம் மழித்தார், இரண்டாவது கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கழுவினார். நாயையும் குளிப்பாட்டப் பார்த்தார். நாய்க்கு அது அவசியமாகப் படவில்லை.

விடிந்தபோது மேகம் பொட்டுக்கூட இல்லை. தெற்கே, ஆற்றுக்கு அப்பால், வானத்தின் அடி மட்டும் பழுப்பாக இருந்தது. எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து தூசியை வாரிக்கொண்டு வரும் ஆப்கன் காற்று. சற்று நேரத்தில் சூரியன் பாலில் முக்கியெடுத்த தட்டு மாதிரி ஆயிற்று. முற்றத்தில் நின்ற அவருடைய நிழலின் ஓரம் கரைந்தது, பிறகு நிழலே போயிற்று. அட்டையில் தீய்ந்த கோடு இல்லை, மங்கலாக ஒரு கறைதான். ஏற வேண்டிய வெப்பமானி ஏறாமல் நின்றது. தூசி பகலில் வெயிலை மண்ணுக்கு விடாது, இரவில் மண்ணின் சூட்டை வானத்துக்கு விடாது. அந்த விஷயத்தில் பாரபட்சம் கிடையாது. எதிரே இருந்த முகடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கணவாய்க்குள் காற்று ஊளையிட்டது.

விதிப்படி தூசி மேகம் அல்ல. சோபிர் கேட்பதோ மேகத்தை மட்டும். 'மேகம் பூஜ்யம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அது அப்பழுக்கற்ற உண்மை. இரண்டு வருஷத்தில் அவர் சொல்லும் முதல் உண்மை. சவ்சன் கிளம்பிவிடுவாள். வந்து சேருவாளா என்பது வேறு விஷயம்.

"சொல்லுங்க உஸ்தா, எத்தனை பங்கு?" என்றாள் சவ்சன். "சோபிர் இங்கதான் நிக்கிறாரு."

"ஒம்போதுன்னு சொல்லுவாரு பாரு," என்றது விமானியின் குரல். "மனுஷன் மேகத்துக்குள்ளயே குடித்தனம் பண்றாரு."

மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. நியாஸ்மத் அவற்றைப் பார்க்காமல் ரேடியோவின் பொத்தானை அழுத்தினார்.

"மேகம் பூஜ்யம்."

"அட, அப்ப ஏறலாம்," என்றார் சோபிர். "கெளம்பு சவ்சன்."

"இருங்க. பூஜ்யமா? நீங்களா சொல்றீங்க உஸ்தா?"

"நான்தான். மேகம் சுத்தமா இல்ல. ஆனா தூசி. நெழல் விழல, அட்டை எரியல, எதுத்த மலை தெரியல. வராதீங்க."

"இங்க நீலமா இருக்கே," என்றார் சோபிர். "மனுஷன் பயங்காட்டுறாரா?"

"பயங்காட்டணும்னா மேகம்னு சொல்லிருப்பாரு, சோபிர். அவரு பூஜ்யம்னு சொன்னா விஷயம் இருக்கு." பிறகு அவள் குரல் சற்றுத் தணிந்தது. "சம்பூசா ஆறிப்போகுமே உஸ்தா."

"நீங்க சாப்பிடுங்க. சூடா இருக்கப்பவே."

"சரி. தூசி அறிக்கையப் படிங்க. மெதுவாவே படிங்க."

அவர் படித்தார், அவள் ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொன்னாள். அன்று எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. தூசி அடங்குவதற்குள் பனி விழுந்து கணவாய் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு ஹெலிகாப்டர் வரவில்லை. இரண்டாவது கிண்ணத்தை அவர் பழைய இடத்தில் வைத்தார்.

கலகலப்பானவர் என்ற நற்சான்றை யாரும் திருத்தவில்லை. நியாஸ்மத் செய்தது இதுதான்: மேகம் இல்லாத ஒருநாள் மேகம் இல்லை என்று சொன்னார், தூசி இருக்கிறது, வராதீர்கள் என்றும் சொன்னார்.