லேபிள் மாறிய டெய்சிகள்

இது நடந்து நாலு வருடம் இருக்கும். டென்மார்க்கின் வைலே நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு, வீட்டில் இருந்த காலம். நகரசபையான கொம்யூனின் அலுவலகம் என்னை மூன்று மாதம் பிராக்டிக்குக்கு, அதாவது வேலை பழகுவதற்கு, செடி வளர்க்கும் ஓர் ஆராய்ச்சிக் கண்ணாடி வீட்டுக்கு அனுப்பியது. ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். வெளியே பனி கொட்டும். உள்ளே போனால் சுடுமணல் மணக்கும்.

பாலைவன மலைச்சரிவுகளில், பாறை வெடிப்புக்குள் முளைக்கும் காட்டு டெய்சிகளை அங்கே வளர்த்தார்கள். டெய்சி என்றால் டென்மார்க் புல்வெளியெல்லாம் கிடக்கிற வெள்ளைப் பூ ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே இரண்டு இனங்கள், மொத்தம் நாற்பது பூச்சாடிகள். பூக்கும்வரை இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பூத்தால்தான் வித்தியாசம். ஒன்றுக்கு மஞ்சள் நடுவைச் சுற்றி வெள்ளை இதழ்கள். மற்றதுக்கு இதழே இல்லை, வெறும் மஞ்சள் பொத்தான். சுவரில் இரண்டின் படமும் ஒட்டியிருந்தது.

ஆராய்ச்சி செய்தவர் என்னைவிடப் பத்து வயது இளைய டேனிஷ் பெண். நான் தண்ணீர் ஊற்றுவேன், கூட்டுவேன். என் அரைகுறை டேனிஷில் கேள்வி கேட்க வெட்கம். அதனால் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நாலாவது கிழமை, சாடிகளை வேறு மேசைக்கு மாற்றும்போது தள்ளுவண்டி சரிந்தது. சாடிகள் உடையவில்லை. ஆனால் எட்டுச் சாடிகளின் லேபிள்கள் மண்ணோடு கீழே விழுந்துவிட்டன. அறையில் வேறு யாரும் இல்லை. இலையின் வடிவத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் லேபிள்களைத் திருப்பிக் குத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வேலையும் போய்விட்டால் என்ற பயம்.

ஐந்து கிழமை கழித்து, அந்த ஆராய்ச்சிப் பெண் விடுமுறையில் நின்ற நேரம், செடிகள் பூத்தன. வெள்ளை இதழ் வரவேண்டிய மூன்று சாடிகளில் மஞ்சள் பொத்தான். பொத்தான் வரவேண்டிய மூன்றில் வெள்ளை இதழ். ஏழாவது மட்டும் சரி. எட்டாவது சாடி பூக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, அவர் வருவதற்கு முன், பூவைப் பார்த்து பிழையான ஆறு லேபிள்களையும் சரியாக மாற்றிக் குத்தினேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னேன்.

"நல்ல காரியம். இனி வாயைத் திறவாதையும். பிராக்டிக் முடிய இன்னும் மூண்டு கிழமைதானே?" என்றார்.

பதினைந்து வயது மகள் தட்டிலிருந்து தலை நிமிர்த்திக் கேட்டாள்: "ஆனா அம்மா, அதுகளின்ர இலையைப் பறிச்சு வேற ஆய்வுகூடத்துக்கு அனுப்பினது எண்டு போன மாசம் சொன்னீங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலைகள் பிழையான பெயரில் போயிருந்தன. சாடியில் லேபிளைத் திருத்தியதால் அந்தப் பிழை இன்னும் ஆழமாகப் புதைந்துவிட்டது, அவ்வளவுதான்.

திங்கள் காலை அந்த ஆராய்ச்சிப் பெண் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சிவந்துபோனது.

"எந்த லேபிள் எந்தச் சாடியில் இருந்தது என்று எழுதி வைத்தீர்களா?"

"இல்லை."

"வெள்ளிக்கிழமை மாற்றும்போதாவது?"

"இல்லை."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். பிறகு, "விழுந்தது பிழை இல்லை. சொல்லாமல் விட்டதுதான் பிழை, அதுவும் இரண்டு தரம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. இருவரும் மேசைக்குப் போனோம்.

"பூக்காத இந்தச் சாடிக்கு ஏன் நீங்கள் லேபிளை மாற்றவில்லை?" என்று கேட்டார்.

"பூ இல்லாமல் எப்படிச் சொல்வது? தொட்டுப் பார்த்தேன். அதுவும் தெளிவாக இல்லை."

"தொட்டா?"

தண்ணீர் ஊற்றும்போது கை படும். பூத்த பிறகுதான் எது எப்படி என்று புரிந்தது. வெள்ளை இதழ்ச் செடியின் இலை விரலில் லேசாகப் பிசுபிசுக்கும், கற்பூரம் மாதிரி மணக்கும். மற்றது பஞ்சுபோல் இருக்கும், மணம் இல்லை. அதைச் சொன்னபோது அவர் குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் எப்போதும் கையுறை போட்டே தொட்டிருக்கிறேன்" என்றார்.

பின்னேரம் வரை இருந்து சரிபார்த்தோம். பூவுக்குள் உருவாகும் இளம் விதைகளைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். எள்ளைவிடச் சின்ன விதை. ஒன்றின் தலையில் கண் இமை மயிர்போல் இரண்டு நுனிகள். மற்றது மொட்டை. நான் ஊற்றிய தண்ணீரில் இப்படி ஒன்று விளைந்திருக்கிறதே என்று மாறிமாறிப் பார்த்தேன். ஏழு சாடிகளும் சரி. எட்டாவதின் இலை லேசாகப் பிசுபிசுத்தது, ஆனால் மணம் இல்லை.

"இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்று சொல்லி, புது லேபிளில் ஓர் இனத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து உலர்ந்த செடிகள் ஒட்டிய பழைய தாள்களை எடுத்துக் காட்டினார். பெரிய நிபுணர்கள் மைப்பேனாவால் எழுதியவை. அவற்றிலும் அங்கங்கே பெயருக்குப் பின்னால் அதே கேள்விக்குறி.

அன்றே அவர் ஆய்வுகூடத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்த எட்டுச் சாடிகளின் இலைகள் அங்கே இன்னும் சோதனைக்கு எடுக்கப்படாமல் இருந்தன. புதிதாக இலை பறித்து அனுப்பினோம். இந்த முறை ஒவ்வொரு இலை உறையிலும் லேபிளைப் பார்த்து எழுதியது நான்.

பிராக்டிக் முடிந்ததும் எனக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. அந்த எட்டாவது சாடி பூத்ததா என்றும் தெரியாது. இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். யாருடைய மருந்து, எந்த வேளைக்கு என்று ஒரு துளி சந்தேகம் வந்தாலும், கூச்சப்படாமல் "எனக்குத் தெரியாது, ஒருக்கால் பாருங்கள்" என்று தாதியிடம் கேட்டுவிடுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஓர் அறிவுதான் என்பதை, நாற்பத்தாறு வயதில், அந்தப் பாறைப் பூக்களின் நடுவில் நின்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.