தண்ணீர் அவர் வண்டியில்

என் சைக்கிளில் தண்ணீர் பாட்டில் ஸ்டாண்ட் கிடையாது. வாங்கும்போதே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தண்ணீர் எப்போதும் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜின் வண்டியில்தான் வரும். கடலை மிட்டாய் என் பையில்.

ஓசூரில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் இருந்தோம். நான் தெற்கத்தி ஆள், அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியாது. அதற்காகத்தான் மலை சைக்கிள் வாங்கப் போனோம், கடைக்காரர் சலித்துப்போகிற அளவு வாதாடினோம். ஏறுவதற்கு எடை குறைந்த வண்டிதான் வேண்டும், முன்னால் மட்டும் குலுக்கல் தாங்கும் சஸ்பென்ஷன் போதும் என்பது என் கட்சி. "ஏத்தம் முடியலன்னா தள்ளிக்கிட்டுப் போலாம். எறங்கறப்ப விழுந்தா திங்கக்கெழம ஷிப்டுக்கு யாருப்பா போறது?" என்று அவர் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள கனத்த வண்டியை எடுத்தார்.

அதன் பலன், அஞ்செட்டி மலையில் நாங்கள் சேர்ந்து ஓட்டியதே இல்லை. மாட்டுத்தடத்தில் இறங்கும்போது அவர் பறந்துவிடுவார். நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போய்ச் சேரும்போது, கீழே புளியமரத்தடியில் பசியோடு உட்கார்ந்திருப்பார். திரும்பி ஏறுகையில் நான் முன்னே. உச்சியில் நாக்கு வறண்டு அவருக்காகக் காத்திருப்பேன். மூச்சிரைக்க வந்து முதலில் பாட்டிலைத்தான் நீட்டுவார். "ரெண்டுலயும் மொதல்ல வரணும்னா தனியாத்தான் வரணும்ப்பா" என்று சிரிப்பார்.

போன வருடம் அவருடைய பிரிவை வடக்கே மாற்றினார்கள். "எறங்கறதுக்கு வச்சுக்க" என்று வண்டியை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிப் போனார். முதலில் அடிக்கடி போன் வந்தது. இப்போது பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம் வருகிறது. அவர்மேல் கோபமில்லை. ஞாயிறு விடிந்தால்தான் என்ன செய்வதென்று மறுபடியும் தெரியவில்லை.

சென்ற வாரம் முதன்முறையாக அவர் வண்டியை எடுத்துப் போனேன். தண்ணீரும் கடலை மிட்டாயும் என்னிடமே இருந்தன. இறக்கத்தில் கல்லும் வேரும் உறுத்தவே இல்லை. அவர் கட்சிதான் ஜெயித்தது, அதை ஒப்புக்கொண்டு சொல்ல எதிரில் அவர் இல்லை. புளியமரத்தடியில் நிறுத்தி, பொட்டலத்தைப் பிரிக்காமல், வந்த தடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாடு ஓட்டிவந்த அம்மா நின்று, "பின்னால இன்னும் ஆளு வருதாப்பா?" என்று கேட்டார்.

"வருவாரும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா போகும்வரை பாட்டிலை எடுக்கவில்லை.