மாமியாரின் மூட்டு மாத்திரை

வைரஸுக்குப் புதிதாக மருந்து கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும். அதனால் கடையில் ஏற்கெனவே விற்கும் பழைய மருந்துகளில் ஏதாவது கைகொடுக்குமா என்று தேடுவதுதான் ஆய்வுக்கூடத்தில் மருமகளின் வேலை. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு மருந்தைச் சொட்டுவாள். பெரும்பாலும் செல்கள் எல்லாம் செத்துக் கிடக்கும். முகம் தொங்க வீடு திரும்புவாள்.

ஒருநாள் ஒரு வரிசை மட்டும் பிழைத்திருந்தது. வைரஸ் குறைந்ததோடு, உடம்பையே புண்ணாக்கும் அழற்சியும் அடங்கியிருந்தது. என்ன மருந்து என்று பார்த்தாள். மாமியார் தினமும் விழுங்கும் மூட்டுவலி மாத்திரை!

சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை, உங்க மாத்திரை வைரஸையும் ஒரு கை பார்க்குது. இப்போதைக்கு ஆய்வுக்கூடத்துல மட்டும்தான். இனிமேதான் மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கணும்."

மாமியாரின் காதில் முதல் பாதிதான் ஏறியது. பெருமை தாங்காமல் தங்கையை ஃபோனில் அழைத்தார். "என் மருமக மருந்து கண்டுபிடிச்சிட்டாடி!" தங்கை தன் பங்குக்கு ஊரையே அழைத்தார். அடுத்த வாரம் எந்தக் கடையிலும் அந்த மாத்திரை மருந்துக்குக்கூட இல்லை.

மாமியாரின் முழங்கால் பந்தாக வீங்கியது. மருமகள் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரம்மா கிளப்பி விட்டுட்டாங்க," என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். "கையில கிடைச்சாங்கன்னா நறுக்குன்னு நாலு கேள்வி கேட்பேன்."

"கேட்க வேண்டியதுதான்," என்று அவள் நழுவினாள்.

சில மாதங்கள் கழித்து, நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த மருத்துவமனைச் சோதனையின் முடிவு வந்தது. தொற்று வந்த உடனே மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. 'மூட்டு மாத்திரை படுதோல்வி' என்று செய்தி வந்ததும், வாங்கிக் குவித்தவர்கள் திருப்பிக் கொடுக்கக் கடை வாசலில் முண்டியடித்தார்கள்.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். "நல்லவேளை, உன் மருந்து தோத்துப்போச்சு! எனக்கு மாத்திரை கிடைச்சிடுச்சு."

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதே அறிக்கையில் யாரும் படிக்காத இன்னொரு பக்கமும் இருந்தது. நுரையீரல் வீங்கி மூச்சுக்குத் திணறியவர்களில் பலருக்கு வீக்கம் வடிந்திருந்தது. மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்து மறுபடி சோதித்தார்கள். இந்த முறை அவள் வீட்டில் மூச்சே விடவில்லை.

பலன் உறுதியானது. பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட சிலர் நடந்தே வீடு போனார்கள்.

கணவன்தான் செய்தியைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் மாத்திரை ஜெயிச்சிடுச்சு!" என்று கூவினான்.

மாமியார் முழங்காலைத் தடவியபடி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"