கிளாஸைக் கடித்தவர்

லார்யே அக்ராவில் குடிநீர் அலுவலகத்தின் பேச்சாளர். குழாய்த் தண்ணீர் சுத்தமானது என்று வானொலியில் சொல்வதே அவருடைய தொழில். வெள்ளம் வடிந்த பிறகு குழாயில் சாக்கடை வாடை அடிக்கிறது என்று பேட்டை மக்கள் திரண்டபோது, மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். "அவங்க கண்ணு முன்னாலயே ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்க."

மறுத்தால் வேலை போகும். குடித்தால் வயிறு போகும். வேலைதான் பெரிதென்று லார்யே முடிவு செய்தார்.

கூட்டத்தின் நடுவே, கலங்கலான குழாய்த் தண்ணீர் நிறைந்த கிளாஸை உயர்த்தினார். அந்த ஊரில் எல்லோரும் பாக்கெட் தண்ணீரின் மூலையைப் பல்லால் கடித்துத்தான் குடிப்பார்கள். அவரும் தினமும் அப்படித்தான். நாக்குக்குப் பொய் பழகியிருந்தது, பல்லுக்குப் பழகவில்லை. பதற்றத்தில் கிளாஸின் விளிம்பை நறுக்கென்று கடித்துவிட்டார்.

"பாஸ், அது கண்ணாடி!" என்று கத்தினாள் கென்கே என்னும் புளித்த சோள மாவு உருண்டை விற்கும் தேதே. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இவரு வீட்லயும் பாக்கெட் தண்ணிதான்! பல்லே சொல்லிடுச்சு பாருங்க!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் லார்யே கிளாஸை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. குடித்தாரா இல்லையா என்று மறுநாள் மேலதிகாரி கேட்டபோது, சாட்சி சொல்ல அவருடைய வயிறு மட்டும்தான் இருந்தது.