கல்லறையைக் காட்ட ஆளில்லை

வெளிநாட்டில், மில்லிக்கன் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட்டில் அடுத்த அறைக்காரர் ஓர் ஐரிஷ் கிழவர். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாடு நாடாய்க் கோப்பை கழுவித் திரிந்தவன். அவருக்குச் சூப் சூடாக்கிக் கொடுப்பேன். அவர் தன் ஊரின் கதையைச் சொல்வார்.

ஆற்றங்கரையில் ஒரே தெரு. முதலில் விலாங்கு பிடிப்பவர்களின் குடிசைகள்தான் இருந்தன. பிறகு ஒரு பிரபு துணி ஆலை கட்டி ஆட்களைக் குடியேற்றினான். உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் பாதிப்பேர் செத்தார்கள், மிஞ்சியவர்களில் பலர் கப்பலேறினார்கள். செத்தவர்களைப் பெட்டியில்லாமல் ஆற்றோரத் தேவாலயக் காணியில் புதைத்தார்கள். இவர் இளைஞனாக இருந்தபோது ஆலையும் மூடியது.

வைத்தியர் கைவிரித்த பிறகு கிழவருக்கு ஒரே ஆசை, தன் சாம்பலைத் தாயின் குழியில் போடவேண்டும். அந்தக் குழிக்குக் கல் இல்லை. அவர் அடையாளம் சொன்ன மரமும் எப்போதோ விழுந்துவிட்டதாம். இடத்தைக் காட்ட ஊரில் யாராவது இருந்தால் சம்மதம் என்று அந்த ஊர்த் தேவாலயத்தில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது பெரிய சிக்கலாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் எந்த ஊர், எந்தப் பக்கம், யாருடைய மகன் என்றுதான் கேட்பார்கள். அதற்குள் ஒரு சொந்தம் அகப்பட்டுவிடும்.

"ஊருக்குப் போன் அடிச்சு ஆரின்ரை மகன் எண்டு சொன்னால் சரிதானே," என்றேன், வீட்டுக்காரத் தம்பியிடம்.

"அண்ணை, உதென்ன உங்கடை ஊரெண்டு நினைச்சீங்களோ? வெள்ளைக்காரன் பக்கத்து வீட்டுக்காரனையே தெரியாதெண்டுவான்."

"ஊரெண்டால் ஊர்தானடா. நீ போனைத் தா."

அங்கே மிஞ்சியிருந்தது ஒரு மதுச்சாலை. ஒரு பெண் எடுத்தாள். கிழவரின் தகப்பன் ஆலையில் கொதிகலன் பார்த்தவர், வீடு பாலத்துக்குக் கிழக்கே என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் பிரேசில்காரி, வந்து கொஞ்ச நாள்தான் என்றாள். முதலாளியும் வேறு ஊராம். தெருவில் இருப்பதெல்லாம் விடுமுறை வீடுகள், கோடையில் மட்டும் ஆட்கள் வருவார்களாம். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லையாம்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கிழவர் எல்லாவற்றையும் கேட்டார். வை என்று கையால் காட்டினார்.

அன்று சூப் குடிக்கவில்லை. அதன் பிறகு ஊரைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆலை எந்தக் கரையில் இருந்தது என்று ஒருநாள் நானே கேட்டேன். தெரியாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பனி கரைவதற்குள் செத்துப்போனார். உறவென்று யாரும் வரவில்லை. சாம்பலை எங்கே வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒஷாவாவில் வேலை கிடைத்து, அந்த அறையை விட்டுவிட்டேன்.